வீட்டுக்கா, விற்பனைக்கா, வருமானத்துக்கா? ராமநாதபுரம் கரையோர உள்ளாட்சி வரிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை, ராமேஸ்வரம் தீவையும் சேர்த்து, கடலோரத்தில் பல வகை உள்ளாட்சிகள் உண்டு. ராமேஸ்வரமும் கீழக்கரையும் நகராட்சிகள். தொண்டியும் மண்டபமும் பேரூராட்சிகள். பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம், ஏர்வாடி, பெரியபட்டினம் போன்றவை ஊராட்சிகள். வரி கட்ட வரிசையில் நிற்கும்போதும் கிராமசபையிலும் தேநீர்க் கடையிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

வசதியுள்ளவர் கூடுதலாகக் கட்டட்டும் என்று எங்கள் ஊராட்சியே ஒரு வருமான வரி போடலாமா?

முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை வரிகளை முன்பே பங்கு பிரித்துவிட்டது. வேளாண்மை அல்லாத வருமானத்தின் மீதான வரி ஒன்றியப் பட்டியலில் 82ஆவது இனம். வேளாண் வருமானம் மாநிலப் பட்டியலில் 46ஆவது இனம். நிலம், கட்டடம் மீதான வரி அதே மாநிலப் பட்டியலில் 49ஆவது இனம். உள்ளாட்சிக்கென்று தனிப் பட்டியலே கிடையாது. 1992இல் நிறைவேறிய 73, 74ஆவது திருத்தங்கள் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் அரசமைப்பில் இடம் தந்தன. ஆனால் வரி விஷயத்தில் 243-எச், 243-எக்ஸ் பிரிவுகள் சொல்வது இதுதான்: மாநிலச் சட்டமன்றம் எதை அனுமதிக்கிறதோ அதை மட்டும் உள்ளாட்சி வசூலிக்கலாம்.

விற்பனை வரி?

அதுவும் இல்லை. 2017 ஜூலை 1 முதல் பொருள், சேவை இரண்டுக்கும் ஜிஎஸ்டி. ஊருக்குள் நடக்கும் விற்பனையில் அது டெல்லிக்குப் பாதி, சென்னைக்குப் பாதி. கீழக்கரைக் கடைத்தெருவில் விற்கும் துணிக்கான வரியில் கீழக்கரை நகராட்சிக்கு நேரடியாக ஒரு காசும் வராது.

ஒரே ஒரு சாளரம் திறந்திருக்கிறது. மாநிலப் பட்டியலின் 62ஆவது இனத்தைத் திருத்தி எழுதியபோது, ஊராட்சியோ நகராட்சியோ விதிக்கும் கேளிக்கை வரியை மட்டும் விட்டுவைத்தார்கள். தமிழ்நாடு அதைப் பிடித்துக்கொண்டு சினிமா டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டியின் மேல் 30 விழுக்காடு உள்ளாட்சிக் கேளிக்கை வரி என்றது. 2017 ஜூலை தொடக்கத்தில் மாநிலம் முழுவதும் திரையரங்குகள் சில நாட்கள் மூடிக்கிடந்தது அதனால்தான். பிறகு விகிதம் இறங்கியது. விகிதத்தை முடிவு செய்ததும் குறைத்ததும் மாநில அரசு. எந்த நகராட்சி மன்றத்தையும் யாரும் கேட்கவில்லை.

அப்படியானால் உள்ளாட்சி எந்த வரி வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதாகச் சொல்வதெல்லாம் பொய்யா?

பெரும்பாலும் ஆம். வருமானம் ஒன்றிய அரசிடம், விற்பனை இரண்டு அரசுகளிடமும் போனபின், நகர முடியாமல் கிடக்கும் வீடும் மனையும் ஊருக்கு மிஞ்சின. அதோடு தொழில்வரி, காலிமனை வரி, சில கட்டணங்கள், மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏலம், சந்தைக் குத்தகை. எங்கள் மாவட்டத்துக்கே உரிய வரும்படியாகக் கண்மாயில் முளைத்த சீமைக் கருவேல மர ஏலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

உள்ளாட்சியின் கையில் மிஞ்சியிருக்கும் முடிவு வேறு வகை: விட்டுப்போன கட்டடங்களை அளந்து கணக்கில் ஏற்றுவதா, வேண்டியவர் என்று கண்ணை மூடிக்கொள்வதா, தங்கும் விடுதியைக் குடியிருப்பு என்று எழுதுவதா, வணிகக் கட்டடம் என்று எழுதுவதா, நிலுவையை வசூலிப்பதா, அடுத்த தேர்தல் வரை தள்ளிப்போடுவதா. வரி விகிதத்தைப் பற்றிக் கூட்டத்தில் கூச்சல் போடுபவர்கள் கேட்பு (கட்டச் சொன்ன தொகை), வசூல், நிலுவைப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படித்ததாக நான் கண்டதில்லை. ஊரின் வரிக் கொள்கை அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

உலகம் முழுவதும் உள்ளாட்சிக்கு வீட்டுவரியைத் தள்ளிவிடுவது ஏன்?

வீடு ஓடாது. கீழக்கரையில் மட்டும் துணிக்கு 2 விழுக்காடு கூடுதல் வரி என்றால் கல்யாணச் சேலை எடுக்க எல்லோரும் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். ஊர் தனியாக வருமான வரி போட்டால் சம்பளக்காரர் பக்கத்து ஊரில் குடியேறுவார். வீட்டைத் தூக்கிக்கொண்டு யாரும் போக முடியாது.

இரண்டாவது காரணம், வரவு நிலையாக இருப்பது. 2020 மார்ச்சில் ராமநாதசுவாமி கோயிலில் பக்தர்களுக்கு அனுமதி நின்றது. மாநிலத்தின் பெரிய கோயில்கள் பக்தர்களுக்குத் திறந்தது செப்டம்பர் 1இல். ராமேஸ்வரம் நகராட்சி விற்பனை வரியை நம்பிப் பிழைத்திருந்தால், அந்த மாதங்களில் தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் எங்கிருந்து வந்திருக்கும்? 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறக்கும் வரை தீவுக்கு ரயிலே இல்லை. அப்போதும் கட்டடங்கள் அதே இடத்தில் அதே சதுர அடியில் நின்றன.

வீடு ஓடாது என்பதற்கும் எங்கள் கரையில் ஒரு விதிவிலக்கு உண்டு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி என்ற ஊரே போய்விட்டது.

ராமேஸ்வரத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். அவர்கள் குப்பையை அள்ள நாங்கள் ஏன் வீட்டுவரி கட்ட வேண்டும்?

இந்தப் பட்டியலிலேயே நியாயமான கேள்வி இதுதான்.

2011 கணக்கெடுப்பில் ராமேஸ்வரம் நகராட்சியின் மக்கள்தொகை 44,856. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அக்னி தீர்த்தக் கரையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த எண் சிரிப்பை வரவழைக்கும். தண்ணீரும் கழிவறையும் தெருவிளக்கும் துப்புரவும் அந்தக் கூட்டத்துக்கும் சேர்த்துத்தான். அவர்கள் கொடுக்கும் வரியோ வேறு திசையில் போகிறது. ஓர் இரவுக்கு 1,500 ரூபாய் வாடகையுள்ள அறையை எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகை அறைக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு, அதாவது 75 ரூபாய். ஒன்றியத்துக்கு 37.50, மாநிலத்துக்கு 37.50. நகராட்சிக்கு விடுதிக் கட்டடத்தின் சொத்துவரியும் உரிமக் கட்டணமும் மட்டுமே. விடுதி நிரம்பி வழிந்தாலும் ஈயாடினாலும் அது ஒரே தொகை.

பயணி மீது வரி என்பது புது யோசனை அல்ல. யாத்திரைத் தலங்களுக்கு ரயிலில் வந்துபோகிறவர்கள் மீது முனைய வரி விதிக்க 1956இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியது. அந்த அதிகாரமும் ஒன்றியப் பட்டியலில்தான், 89ஆவது இனமாக.

என் கருத்து: ராமேஸ்வரத்தில் தங்கும் அறைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று சிறிய துப்புரவுக் கட்டணம் இருக்க வேண்டும், அது நகராட்சிக் கணக்கிலேயே நிற்க வேண்டும். ஆடம்பர வரி ஜிஎஸ்டிக்குள் போய்விட்டதால் இதை வரி என்று போட வழியில்லை. கட்டணம் என்றால் போடலாம், ஆனால் வாங்கும் பணத்துக்கு ஈடான சேவை கண்ணுக்குத் தெரிய வேண்டும். பூட்டிய கழிவறைக்கு வெளியே சீட்டுக் கிழித்தால் நீதிமன்றத்தில் நிற்காது. மாநில அரசின் இசைவும் தேவை. அதோடு இதை மொத்த வருவாய்க்கு மாற்றாக நினைக்கக் கூடாது. 2020ஐ மேலே சொன்னேன்.

தொழில்வரி என்பது வருமான வரியின் இன்னொரு பெயர்தானே?

உள்ளாட்சியின் கையில் இருக்கும் வருமான வரி என்று அதைச் சொல்லலாம், கைகால் கட்டப்பட்ட வருமான வரி. அரசமைப்பின் 276ஆவது பிரிவு ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. 1950இல் அந்த உச்சவரம்பு 250 ரூபாய். 1988இல் 60ஆவது திருத்தம் அதை 2,500 ஆக்கியது. அதன்பின் அசையவில்லை. 14ஆவது நிதி ஆணையம் 12,000 ஆக்கலாம் என்றது, 15ஆவது ஆணையம் 18,000 என்றது. இரண்டும் ஏட்டோடு நின்றன.

விளைவைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை தொழில்வரி இல்லை. அதற்கு மேல் படிப்படியாக ஏறி, 75,000 ரூபாயைத் தாண்டினால் மேல்படி முடிந்துவிடும். மாதம் 13,000 ரூபாய் சம்பளம் வாங்கும் கடை ஊழியரும் மாதம் 3 லட்சம் சம்பாதிக்கும் மருத்துவரும் ஒரே படியில் நிற்கிறார்கள். இதை ஏற்றத்தாழ்வு பார்த்து விதிக்கும் வரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு நல்ல அம்சம் உண்டு. சில மாநிலங்களில் இந்த வரி மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. இங்கே உள்ளாட்சிக்கே வருகிறது. சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படுவதால் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் தவறாமல் கட்டுகிறார்கள். சொந்தத் தொழில் செய்பவர்களிடம் வசூல் எப்படி என்பதை உங்கள் ஊர் நிலுவைப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீனவர்களிடம் வருமானத்தைப் பார்த்து வரி வாங்கினால் நியாயமாக இருக்குமே?

எந்த வருமானத்தை? விசைப்படகில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்தபின் வருவது பங்கு. இறால் நன்றாகப் பட்ட நாளில் ஒரு தொகை, வெறும் வலையோடு திரும்பினால் கடன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடைக்காலம், விசைப்படகுகள் கரையிலேயே கிடக்கும். எல்லையில் படகு பிடிபட்டால் முதலே போய்விடும். இந்தக் கணக்கை அரையாண்டுக்கு ஒருமுறை எழுதி வாங்க எந்த ஊராட்சிச் செயலராலும் ஆகாது.

மீன் விற்பனையில் வரி பிடிப்பது அதைவிட மிக எளிது, ஏனென்றால் ஏலத்தில் விலை எல்லோர் முன்னிலும் சொல்லப்படுகிறது. மீனவக் கிராமங்கள் பலவற்றில் ஊர்க் கமிட்டி இதைத்தான் செய்கிறது. ஏலத் தொகையில் ஊருக்கென்று ஒரு பங்கு எடுத்து, திருவிழாவுக்கும் பொதுச் செலவுக்கும் வைக்கிறார்கள். வணிகர்களின் மகமையும் இதே வகைதான். சட்டம் ஊராட்சிக்குத் தராத விற்பனை வரியை ஊர் தன் வழக்கத்தால் எடுத்துக்கொண்டது. அது நன்றாக வசூலாவதற்குக் காரணம், வசூலிப்பவரையும் செலவையும் ஊரே பார்த்துக்கொண்டிருப்பதுதான். தண்டிக்கும் அதிகாரமும் கமிட்டியிடமே இருப்பது அதன் இருண்ட பக்கம். அது தனிக் கதை.

நாங்கள் குடும்பத்தோடு வளைகுடாவில் இருக்கிறோம். கீழக்கரை வீடு பூட்டியே கிடக்கிறது. குழாய்த் தண்ணீர்கூடச் செலவாகவில்லை. எதற்கு முழு வரி?

சொத்துவரி கட்டடத்தின் மீது விதிக்கப்படுவது. அதில் எத்தனை பேர் குளித்தார்கள் என்று அது பார்ப்பதில்லை. உங்கள் வீட்டு முன்னால் இருக்கும் சாலையும் வடிகாலும் விளக்கும்தான் வீட்டுக்கு விலை தருகின்றன. நீங்கள் ஊரில் இல்லாதபோதும் அவற்றைப் பராமரித்தாக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அயல்நாட்டில் குடியிருப்பவர் அங்கே ஈட்டும் சம்பளத்துக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. வளைகுடாப் பணத்தால் எழுந்த ஊர்களில் செல்வம் கண்ணுக்குத் தெரியும் ஒரே வடிவம் வீடு. வருமான வரியை நம்பிய உள்ளாட்சி கீழக்கரையை ஏழை ஊர் என்றே நினைத்திருக்கும்.

கணவர் இறந்துவிட்டார். பழைய பெரிய வீடு. வருமானம் இல்லை. வரி மட்டும் சதுர அடிக்கு ஏறுகிறது.

சொத்துவரியின் மோசமான பக்கம் இதுதான். சதுர அடிக்கு வாயும் வயிறும் தெரியாது. கையில் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் வரும் வரி இது. பல நாடுகளில் முதியோருக்குச் சலுகையோ, வீடு விற்கப்படும்போது கட்டலாம் என்ற தள்ளிவைப்போ உண்டு. இங்கும் அப்படி ஒரு தள்ளிவைப்பு வேண்டும் என்பது என் கட்சி. தள்ளுபடி வேண்டாம். வீட்டை வாரிசு விற்கும் நாளில் நிலுவையைக் கழித்துக்கொண்டால் யாருக்கும் நட்டம் இல்லை.

கடற்கரைப் புறம்போக்கில் வீடு. பட்டா இல்லை. ஆனாலும் வீட்டுவரி ரசீது வேண்டும் என்று ஊரே அலைகிறது. ஏன்?

உலகில் மக்கள் தாங்களே தேடிப்போய்க் கட்ட விரும்பும் வரி இது ஒன்றாகத்தான் இருக்கும். மின் இணைப்பு முதல் முகவரிச் சான்று வரை வீட்டுவரி ரசீதைக் கேட்கிறார்கள். தலைமுறையாக வலை உலர்த்திய மணலில் குடியிருந்தும் பட்டா இல்லாதவர்களுக்கு, தாங்கள் அங்கே இருக்கிறோம் என்பதற்கு அரசு தந்த ஒரே தாள் அதுதான்.

ஆனால் ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. இருபது ஆண்டுகள் வரி கட்டினாலும் நிலம் உங்களுடையதாகிவிடாது. "வரி ரசீது வாங்கித் தருகிறேன், பட்டா தானாக வந்துவிடும்" என்று பணம் கேட்கும் தரகர்களை நம்ப வேண்டாம்.

ரசீதில் நூலக வரி என்று ஒரு வரியைப் பார்த்துச் சிலர் குழம்புகிறார்கள். 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின்படி வீட்டுவரி ரூபாய்க்கு 10 காசு. அது மாவட்ட நூலகங்களுக்குப் போகிறது.

2022இல் ஏன் ஒரேயடியாக உயர்த்தினார்கள்?

பல ஆண்டுகள் உயர்த்தாததால்தான். சென்னை தவிர்த்த நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2008க்குப் பிறகு பொதுச் சீராய்வு நிலைக்கவில்லை. 2018இல் உயர்த்தினார்கள், 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். அடுத்த மாதம் ஊரக உள்ளாட்சித் தேர்தல். 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல், மார்ச் 2இல் கவுன்சிலர்கள் பதவியேற்பு, ஏப்ரல் தொடக்கத்தில் வரி உயர்வு அறிவிப்பு. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் பொருளாதாரப் பாடம் தேவையில்லை.

அப்போது நகராட்சி, பேரூராட்சிகளில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு என்று உயர்ந்தது. அரையாண்டுக்கு 800 ரூபாய் கட்டிவந்த 1,000 சதுர அடி வீடு 1,200 ரூபாய்க்குப் போனது. சொத்துவரியைச் சீராக உயர்த்தும் மாநிலங்களின் நகரங்களுக்கே மானியம் என்று 15ஆவது நிதி ஆணையம் நிபந்தனை வைத்ததும் ஒரு காரணம். பிறகு ஆண்டுதோறும் சிறிதளவு ஏற்றும் முறை வந்தது. 2024இல் சென்னை மாநகராட்சி 6 விழுக்காடு உயர்த்தியது அப்படித்தான். பத்தாண்டுகள் தூங்கி எழுந்து இரட்டிப்பாக்குவதைவிட ஆண்டுக்கு ஐந்தாறு விழுக்காடு எனக்கு உவப்பானது. எரிச்சல் ஆண்டுதோறும் இருக்கும், அதிர்ச்சி இருக்காது.

மண்டபத்தில் இவ்வளவு அரசுக் கட்டடங்கள் இருக்கின்றன. அவை கட்டுகின்றனவா?

ரயில்வே, கடலோரக் காவல்படை, மத்திய அரசின் கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் என்று மண்டபத்தின் பெரிய வளாகங்கள் பல டெல்லியைச் சேர்ந்தவை. ஒன்றிய அரசின் சொத்துக்கு மாநிலமோ உள்ளாட்சியோ வரி விதிக்கக் கூடாது என்கிறது 285ஆவது பிரிவு. சேவைக் கட்டணம் கேட்கலாம், ஆனால் அது பேச்சுவார்த்தையில் வாங்க வேண்டிய பணம். ராமேஸ்வரத்தில் இதே சிக்கல் வேறு வடிவத்தில் இருக்கிறது. வழிபாட்டிடங்களுக்கும் வாடகை வாங்காத சத்திரங்களுக்கும் 1920ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டக் காலத்திலிருந்தே விலக்கு உண்டு. சத்திரம் என்ற பலகையின் கீழ் அறை வாடகை வாங்கும் இடங்களுக்கு அந்த விலக்கு பொருந்துமா என்பதைப் பார்க்க வேண்டியது வருவாய் ஆய்வாளரின் வேலை.

மனை வாங்கும்போது பதிவு அலுவலகத்தில் கட்டுவதில் ஊருக்குப் பங்கு உண்டா?

உண்டு. கிரயப் பத்திரத்தின் 7 விழுக்காட்டில் 5 முத்திரைத் தீர்வை, 2 உள்ளாட்சிக்கான மேல்வரி. 10 லட்சம் ரூபாய் மனைக்கு 20,000 ரூபாய். அது மாநிலக் கணக்கு வழியாகத் திரும்பி வருகிறது. உள்ளாட்சிக்கு வரும் ஒருவகை விற்பனை வரி என்று இதைச் சொல்லலாம். மனை வியாபாரம் சூடாக இருக்கும் ஆண்டில் நல்ல வரவு, படுத்துவிட்டால் வரவும் படுத்துவிடும்.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் உள்ளாட்சி வரியில் பெரும்பகுதி சொத்துவரிதான். ஆனால் மாநிலம் அனுமதித்தால் மற்ற இரண்டும் உண்டு. நியூயார்க் நகரம் 1934இலேயே விற்பனை வரி போட்டது. பிலடெல்பியா 1939இல் சம்பளத்தின் மீது வரி கொண்டுவந்தது. வெளியூரிலிருந்து வந்து வேலை பார்ப்பவரும் அதைக் கட்ட வேண்டும். கலிபோர்னியாவில் 1978இல் மக்களே வாக்களித்து, சொத்துவரியை மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள்ளும் மதிப்பீட்டின் ஆண்டு உயர்வை 2 விழுக்காட்டுக்குள்ளும் அடைத்தார்கள். பிறகு அங்கே நகரங்கள் வீடுகளைவிடக் கடைவளாகங்களுக்கு இடம் கொடுக்கப் போட்டி போட்டன. விற்பனை வரியில் பங்கு கிடைக்குமே! சுவீடனில் தலைகீழ்: உள்ளாட்சி வருமான வரி சராசரியாக 32 விழுக்காடு அளவில். இங்கிலாந்தில் இன்றும் 1991ஆம் ஆண்டு மதிப்பை வைத்து வீட்டுக்கு வரி போடுகிறார்கள். மறுமதிப்பீட்டுக்கு அஞ்சுவது நம் ஊர் அரசியல்வாதிகள் மட்டுமல்ல. கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலும் மாநகர சபை வீட்டுக்குத்தான் வரி வாங்குகிறது, சோலைவரி என்ற பெயரில்.

அரசு மானியம் வருகிறதே, பிறகு வரி எதற்கு?

மாநிலம் தன் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குப் பகிர்கிறது. 15ஆவது நிதி ஆணையம் நாடு முழுவதற்கும் ஐந்தாண்டுகளுக்கு 4,36,361 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. ஊராட்சிக்கான அந்தப் பணத்தில் 60 விழுக்காடு குடிநீர், துப்புரவு என்று கட்டுண்டது. பங்கீட்டில் பெரிய எடை மக்கள்தொகைக்கு. யாத்ரீகரை அது எண்ணாது.

மானியம் நின்றும் போகும். நம் மாவட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாவிட்டால் ஒன்றிய மானியம் நிறுத்திவைக்கப்படும். அந்த மாதங்களில் தெருவிளக்குக்கு மின் கட்டணம் கட்ட வீட்டுவரி ஒன்றுதான் கைகொடுக்கும்.

என் வீட்டை அளந்ததே தவறு என்று நினைக்கிறேன். என்ன செய்வது?

முதலில் கேட்பு அறிவிப்பில் உள்ள சதுர அடி, கட்டட வகை, பயன்பாடு மூன்றையும் உங்கள் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான தவறுகள் இந்த மூன்றில்தான் நிகழ்கின்றன. அறிவிப்பில் குறித்த கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மறுஅளவைக்கு ஆள் வரும்போது வீட்டில் இருங்கள், மொட்டைமாடித் தகரக் கொட்டகையைக் கணக்கில் எடுத்தார்களா என்று கேளுங்கள். வரிவிதிப்பு எண் இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தால் பெயர் மாற்றத்துக்கும் அன்றே மனுக் கொடுத்துவிடுவது நல்லது, ஏனென்றால் ஆட்சேபம் கொடுத்தவர் யார் என்ற கேள்வியிலேயே பல மனுக்கள் திரும்பி வருகின்றன.